முந்நூற்றுநாலும் மூன்று மணி நேரமும்

சனிக்கிழமை மாலைகளில் நமது வீட்டு விறாந்தையில் கடதாசி மேசை கூடுவது நெடுநாள் வழக்கம். காசு வைத்து ஆடும் ஆட்டமன்று. வெற்றி தோல்வியைக் குறிக்க ஒரு சிரட்டை புளியங்கொட்டையே போதும். நால்வர் ஆடுவர். ஆடாத இருவர் பின்னால் நின்று, ஆடுகின்ற நால்வருக்கும் புத்தி சொல்வர். மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் 9 மணிக்கு முடியவேண்டும் என்பது ஏற்பாடு. அது 10 மணிக்கு முன் முடிந்ததாக நமக்கு நினைவில்லை.

இதனால் நேர்ந்த இடர்கள் பல. மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான்; விறாந்தையில் எழும் ஆரவாரம் அவனது மேசைவரை கேட்கிறது. அடுக்களையிற் புட்டு ஆறிப்போகிறது. அயலிலிருந்து வரும் வங்கி உத்தியோகத்தரோ, இருட்டில் நாய்களுக்குப் பயந்தபடி வீடு போய்ச் சேரவேண்டியவர். கடைசியில் இல்லாள் ஒரு கட்டளை பிறப்பித்தாள்: “ஒன்பதரைக்குப் பிறகு விறாந்தை விளக்கு எரியாது.” ஆட்டத்தை விரைவுபடுத்துவது எப்படி என்று நாம் ஆராயத் தொடங்கியது அன்றிலிருந்துதான். அந்த ஆராய்ச்சியில் நாம் செய்த பிழையையும் பின்னர் கண்ட உண்மையையும் வாசகர்களுக்குச் சொல்வது பயனுடையது என்று கருதுகிறோம்.

முந்நூற்றுநாலு ஆட்டத்தை அறியாத இளைஞருக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். ஒரு கட்டில் 2 முதல் 6 வரையுள்ள கடதாசிகளை நீக்கிவிட்டால் 32 எஞ்சும். ஓர் இனத்தில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. இவற்றைக் கூட்டினால் 76. நான்கு இனத்துக்கும் 304. எதிரெதிரே அமர்ந்திருப்போர் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நான்கு கடதாசி கொடுக்கப்படும். அந்த நான்கைக் கொண்டே, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்கவேண்டும். 160இலிருந்து கேள்வி தொடங்கும். கேள்வியை வென்றவர் தமது கையிலிருந்து ஒரு கடதாசியைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். பின்னர் மற்ற நான்கும் கொடுக்கப்படும். துரும்பு எந்த இனம் என்பது அதை வைத்தவருக்கு மட்டுமே தெரியும். ஏனைய மூவரும் ஊகித்து ஆடவேண்டும். யார் எதை இறக்கினார், எதை இறக்கத் தயங்கினார் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவரே வெல்வார். ஆகவே இது சிந்திக்கவேண்டிய ஆட்டம். சிந்திப்பதற்கோ நேரம் வேண்டும்.

நம் மேசையில் எல்லாரிலும் கூடுதலாகச் சிந்திப்பவர் பெரியப்பா. வயது எழுபத்தாறு. முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கையிலிருக்கும் எட்டுக் கடதாசியையும் விசிறிபோல் விரித்து, சற்றே உயர்த்திப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு மீண்டும் முதலிலிருந்து பார்ப்பார். அதற்குள் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். ஆட்டம் நீளுவதற்குக் காரணம் பெரியப்பாவே என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். அதனை வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை. எனினும் எல்லாருடைய முகத்திலும் அது எழுதியிருந்தது.

நமது மைத்துனர் புதுமைகளில் நாட்டமுடையவர். தொழில்முறைப் போக்கர் போட்டிகள் சிலவற்றில் ஒருவர் முடிவெடுப்பதற்கு 30 விநாடியே கொடுக்கப்படுகிறது என்று எங்கோ படித்தவர், தமது கைத்தொலைபேசியை மேசை நடுவில் நிறுத்தி, “ஆளுக்கு இருபது விநாடி. மணி அடித்தால் கடதாசி இறங்கவேண்டும்” என்றார். எல்லாருக்கும் பொதுவான சட்டந்தானே என்று நாமும் உடன்பட்டோம். பொதுவான சட்டமென்றாலும் அது யாருக்காக இயற்றப்பட்டது என்பது சட்டத்துக்கு உள்ளானவருக்கு நன்றாகத் தெரியும். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அவர் நமக்குக் கூட்டாளி. 170 கேட்டிருந்தோம், கை நல்ல கை. நான்காவது பிடியில் எதிரணியினர் ஒரு சிவப்பை இறக்கினர். பெரியப்பா விசிறியை விரித்தார், முதலிலிருந்து பார்த்தார். மணி அடித்தது. அவசரத்தில் அவர் மற்றச் சிவப்பை இறக்கிவிட்டார். கேட்ட இனம் அவர் கையிலேயே இருந்தது. நம் மேசை வழக்கப்படி, கையில் இருக்கும் இனத்தைப் போடாதவர் ஆட்டத்தையே இழப்பார். மைத்துனர் சிரித்தார், பெரியப்பாவும் சிரித்தார். நாம் மட்டும் சிரிக்கவில்லை. தோற்றதில் உண்டான எரிச்சல் நம் முகத்தில் இருந்திருக்கவேண்டும். அதை அவர் கண்டிருக்கவும் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பெரியப்பா வரவில்லை. முழங்கால் நோவென்று பேரனிடம் சொல்லியனுப்பினார். அவருடைய இடத்தில், பின்னால் நின்று புத்தி சொல்லும் இளைஞர் ஒருவர் அமர்ந்தார். அவர் கடதாசியைக் கையில் எடுக்குமுன்னரே இறக்கிவிடும் இயல்பினர். அன்று 8.30க்கே எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினோம். முடிந்தது சரியாக 10 மணிக்கு.

பெரியப்பா இருந்த வாரம் 14 ஆட்டம் ஆடியிருந்தோம். அவர் இல்லாத அன்று ஆடியவை 15. கூடியது ஒன்றே ஒன்று.

படிப்பை விட்டு எழுந்து வந்த மகன், அன்று முழுவதும் ஓர் அப்பியாசக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் கொப்பியை மேசையில் வைத்தான். மூன்று மணி நேரத்தின் வரவு செலவு அதில் இருந்தது. நடந்து முடிந்த ஆட்டத்தைப் பற்றிய வழக்கு 52 நிமிடம். கலைத்தல், பிரித்தல், புள்ளி எண்ணுதல் 43 நிமிடம். தேநீர், தொலைபேசி 34 நிமிடம். உண்மையாகக் கடதாசி இறங்கிய நேரம் 51 நிமிடம். மொத்தம் 180. சிந்தித்தற்கும் ஆடுதற்கும் சென்றது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பங்கிலே சில நிமிடங்களை மீதப்படுத்துவதற்காக ஒரு மனிதரை மேசையிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறோம்.

மறுநாட் காலை பெரியப்பா வீட்டுக்குப் போனோம். முழங்காலில் நோவிருந்ததாகத் தெரியவில்லை. முற்றத்து வேம்பின் கீழ்க் கதிரை போட்டு, நல்ல வெயில் வெளிச்சத்திற் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் மன்னிப்புக் கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, நான் யோசிக்கிறனெண்டு நீங்கள் எல்லாரும் நினைக்கிறியள். நான் யோசிக்கேல்லை. எந்தச் சிவப்பெண்டு பாக்கிறன். அந்த விறாந்தை வெளிச்சத்தில ரண்டும் ஒண்டாத்தான் கிடக்கு.”

நமக்குப் பேச்சு வரவில்லை. அவர் தலைக்குப் பின்னே தொங்கிய விளக்கு, அவருடைய நிழலை அவர் கையிலிருந்த கடதாசிமேலேயே வீழ்த்திக்கொண்டிருந்திருக்கிறது. அதனாலேதான் அவர் விசிறியை உயர்த்திப் பிடித்தார். பல ஆண்டுகளாக அதைப் பார்த்திருந்தும் நாம் கண்டுகொள்ளவில்லை.

அப்போது நமக்கு ஒரு கிரிக்கெட் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 2023 நவம்பர் 6ஆந் திகதி டில்லியில் நடைபெற்ற உலகக் கிண்ண ஆட்டத்தில், பங்களாதேசத்துக்கு எதிராக ஆட வந்த நமது அஞ்சலோ மத்தியூஸ், ஒரு பந்தையும் எதிர்கொள்ளாமலே, நேரம் கடந்துவிட்டது என்று ஆட்டமிழந்தார். சர்வதேச ஆட்டங்களில் அவ்வாறு ஆட்டமிழந்த முதல் வீரர் அவரே. முன்னவர் ஆட்டமிழந்து 2 நிமிடத்துள் அடுத்தவர் ஆயத்தமாதல் வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. அவருடைய தலைக்கவசத்தின் வார் அறுந்து போயிருந்தது. தீர்ப்பு விதிப்படி சரியா, பிழையா என்ற வழக்குக்குள் நாம் இங்கே போகவில்லை. அது இன்னும் தேநீர்க்கடைகளில் நடந்துகொண்டேயிருக்கிறது. நாம் கருதியது இதுதான்: கடிகாரத்துக்கு நிமிடந் தெரியும், வார் அறுந்தது தெரியாது. மைத்துனரின் மணிக்கு இருபது விநாடி தெரிந்தது. பெரியப்பாவின் கையில் விழுந்த நிழல் தெரியவில்லை.

அதே கிரிக்கெட்டில் இன்னொரு கடிகாரமும் உண்டு. ஒருநாள் ஆட்டங்களிலும் இருபது ஓவர் ஆட்டங்களிலும், ஓர் ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்த ஓவர் தொடங்கவேண்டும் என்ற முறையைச் சர்வதேசக் கிரிக்கெட் சபை 2023 டிசம்பரிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2024 ஜூனில் நிலையாக்கியது. இக்கடிகாரம் ஓடுவது ஆட்டத்துக்குள் அன்று. ஓவருக்கும் ஓவருக்கும் இடையிலே. பந்து வீசுபவரின் ஓட்டத்தையோ அடிப்பவரின் யோசனையையோ அது தொடுவதில்லை. வீணாகும் நேரத்தை மட்டும் பிடிக்கிறது. நம் விறாந்தைக்கும் வேண்டியது இதுவே என்று தெளிந்தோம்.

சதுரங்க வரலாற்றையும் மறுப்பாகச் சிலர் எடுத்துரைக்கலாம். 1861இல் இலண்டனில் அண்டர்சனும் கோலிசும் மோதியபோது மணற்குடுவை வைத்தார்கள். 1883இல் அதே நகரில் நடந்த போட்டியில் இரட்டைக் கடிகாரமே வந்துவிட்டது. உண்மைதான். ஆனால் அவை பரிசுக்கும் புகழுக்கும் நடந்த போட்டிகள். வேண்டுமென்றே காலங்கடத்தி எதிரியைச் சோர்வடையச் செய்பவருக்கு அங்கே கடிகாரம் வேண்டும். சனிக்கிழமை மாலை நம் வீடு தேடி வருபவர் எதிரியல்லர்; விருந்தாளி.

இனி, நாம் கைக்கொண்டு பயன் கண்ட முறைகளைச் சொல்கிறோம். முந்நூற்றுநாலுக்கு மட்டுமன்றி, எந்தக் கடதாசி ஆட்டத்துக்கும் இவற்றுட் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலாவது, விளக்கு. மேசைக்கு நேர் மேலே, எவருடைய நிழலும் எவர் கையிலும் விழாதபடி அதனை மாற்றினோம். எண்ணும் இனக்குறியும் பெரிதாக அச்சிட்ட கடதாசிக் கட்டுக்கள் கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டு வாங்கினோம். நம் வீட்டு ஆட்டத்தை மிகுதியும் விரைவுபடுத்தியது இந்தச் செலவுதான்.

இரண்டாவது, இரண்டு கட்டு. முதுகு நிறம் வேறுவேறாக இருக்கவேண்டும். ஒருவர் ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கூட்டாளி மற்றக் கட்டைக் கலைத்துத் தமது இடப்புறத்தில் வைத்துவிடவேண்டும். நம் ஆட்டம் வலப்புறமாகச் சுற்றுவது. ஆதலால் அடுத்துப் பிரிக்கவேண்டியவரின் அருகிலேயே கட்டு ஆயத்தமாக இருக்கும். பிரிட்ஜ் ஆடுவோரிடத்தும் போக்கர் ஆடுவோரிடத்தும் இரண்டு கட்டு வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

மூன்றாவது, கணக்கு. இரு பக்கப் பிடிகளையும் எண்ணவேண்டியதில்லை. குறைந்த பிடி எடுத்தவர்களுடையதை மட்டும் எண்ணி, 304இலிருந்து கழித்தால் போதும். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தைக் கடைசிப் பிடிவரை இழுக்கவும் வேண்டாம். 160 கேட்டவர்களைத் தோற்கடிக்க எதிரணிக்கு 145 போதும். 170 என்றால் 135. அந்த எண்ணை எட்டியவுடன் கைகளை விரித்துக் காட்டி முடித்துவிடலாம். இவ்வெண்களை ஒரு சிறுவன் ஒரே மாலையில் மனனஞ் செய்துவிடுவான். மனக்கணக்குப் பழகவேண்டிய மாணவர்களை அருகில் இருத்தி, புள்ளி எண்ணும் வேலையை அவர்களிடமே ஒப்படைப்பது இன்னும் நன்று.

நான்காவது, சட்டம். இவ்வாட்டத்தின் விதிகள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். எப்போது மீண்டும் பிரிக்கலாம், எட்டுப் பிடியும் எடுப்போம் என்று எப்போது அறிவிக்கவேண்டும், அறிவிக்கத் தவறினால் என்ன தண்டம் என்பவை பற்றியே நம் வழக்குகளிற் பாதி எழுந்தன. ஒரு மாலை எல்லாரும் கூடி முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி, கடதாசிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டோம். வழக்கு எழுந்தால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அத்துடன், கேள்வி வென்றவர் எத்தனை கேட்டார் என்பதை ஒரு சிறு துண்டில் எழுதித் தமக்கு முன்னே வைக்கவேண்டும். “யார் கேட்டது, எவ்வளவு?” என்ற கேள்வி அன்றோடு ஒழிந்தது.

ஐந்தாவது, முடிந்த ஆட்டத்தைப் பேசாமை. “அந்த ஒன்பதை நீர் முதலிலேயே இறக்கியிருந்தால்” என்று தொடங்குவது செத்த பாம்பை அடிப்பதாகும். எனினும் அதனை அடியோடு தடுத்தால் ஆட்டத்தின் சுவையும் போய்விடும். ஆகவே 8.15க்குத் தேநீர் என்று வைத்துக்கொண்டோம். செத்த பாம்புகள் எல்லாவற்றையும் அந்தக் கால் மணி நேரத்தில் அடித்துக்கொள்ளலாம். வடை தின்ற கையோடு கடதாசியைத் தொடும் குற்றமும் இதனால் நீங்கியது.

ஆறாவது, கைத்தொலைபேசி. வாசலருகே ஒரு பனையோலைப் பெட்டி. வருபவர் செருப்பை வாசலில் விடுவதுபோல் அதனைப் பெட்டியில் விடவேண்டும். முதலிற் போட்டவர் மைத்துனர். மணி அடித்த அதே தொலைபேசிதான் என்பதை நாம் கவனித்தோம். அவரும் நாம் கவனித்ததைக் கவனித்தார்.

ஏழாவது, முடிவு. யார் வெல்கிறாரோ அதுவரை என்று ஆடினால் ஆட்டத்துக்கு முடிவில்லை, தோற்பவர் எழவிடமாட்டார். 9 மணி அடித்தபின் ஒவ்வொருவரும் ஒருமுறை பிரிப்பது, அத்தோடு நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். எத்தனை புளியங்கொட்டை யாரிடம் இருந்தாலும் சரி.

எட்டாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்ற ஏழும் வீண். இவ்வாறெல்லாம் மீதப்படுத்திய நேரத்தைச் சிந்திப்பவருக்குக் கொடுத்துவிடவேண்டும். ஒருவர் யோசிக்கும்போது மேசையில் விரலால் தட்டுவது, பெருமூச்சு விடுவது, கூரையைப் பார்ப்பது இவை மூன்றும் நம் வீட்டிற் குற்றங்கள். மூடிக்குள் ஒட்டிய தாளில் இதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒழுங்குசெய்த பின்னர் பெரியப்பாவை அழைக்க நாம் போகவில்லை. இல்லாள் போனாள். “மாமா, புதுக் கடதாசி வாங்கியிருக்கிறம். நீங்கள் வந்து பாத்து நல்லமோ கூடாதோ எண்டு சொல்லுங்கோ” என்றாளாம். மன்னிப்பைவிட அந்த அழைப்பே அவருக்குப் பொருத்தமாயிருந்தது போலும். சனிக்கிழமை 7 மணிக்கு வந்துவிட்டார்.

அன்று 18 ஆட்டம் ஆடினோம். பெரியப்பா விசிறியை உயர்த்திப் பிடிக்கவில்லை. மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு, பெரும்பாலும் மற்றவர்களைப்போலவே இறக்கினார். கடைசி ஆட்டத்தில் மட்டும் 200 கேட்டுவிட்டு, ஐந்தாம் பிடியிலே நெடுநேரம் நின்றார். இம்முறை அது உண்மையான யோசனை. மைத்துனர் அசையாமல் இருந்தார். மகன் தன் கொப்பியை மூடி வைத்தான். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

யோசித்து இறக்கிய கடதாசி பிழைத்துவிட்டது. நாலு புள்ளியாற் தோற்றோம். “இன்னொரு கை போட்டுப் பாப்பமோ?” என்று மைத்துனர்தான் கேட்டார். மணி 9.30க்கு இரண்டு நிமிடம் இருந்தது.

பெரியப்பா பெட்டியின் மூடியைத் திறந்து, தாளை ஒருமுறை வாசித்து, கடதாசிகளை அடுக்கி உள்ளே வைத்தார். “சட்டம் சட்டந்தான், தம்பி. அடுத்த சனி பாப்பம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.